திருவிருந்துப் பந்திக்கு முன் "உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். உட்கார்ந்து என்ன செய்வது?

தாம்வே_வாசகி கேட்கிறார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பர்மாவில், எங்கள் தமிழ்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பாஸ்டர் 1 கொரிந்தியர் 11:28 வாசித்துவிட்டு, "இரண்டு நிமிஷம் உங்களை நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லி அமைதியாகிவிடுவார். அந்த இரண்டு நிமிஷத்தில் என்னதான் செய்ய வேண்டும் என்று ஞாயிறு பள்ளியிலும் சொல்லித் தரவில்லை, ஞானஸ்நான வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

சில மாதம் மனசு வெறிச்சென்று கிடக்கும். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்ற மனப்பாட வரியோடு முடித்துவிடுவேன். சில மாதம் எல்லாம் மொத்தமாக வந்து விழும். எப்போதோ நடந்தது, நேற்று நடந்தது, செய்தேனா வெறுமனே நினைத்தேனா என்றே பிரிக்க முடியாதது. போன மாதம் அப்பத் தட்டு வந்தபோது எடுக்காமல் பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான். எவ்வளவு நேரம், எப்போது, எதை வைத்து ஆராய்வது? எழுதலாமா? உள்ளே குத்துவது ஆவியானவர் உணர்த்துவதா, என் மனசு என்னையே அடிப்பதா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கிற வீடு, ராத்திரி கரண்டும் நிச்சயமில்லை. அதற்குள் செய்யக்கூடிய மாதிரி சொல்லுங்கள். "ஜெபம் பண்ணு, ஆண்டவர் காட்டுவார்" என்ற பதில் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

பழைய_டீக்கன்:

தங்கச்சி, முதலில் அந்த வசனத்தை முன்பின் சேர்த்து வாசி. கொரிந்து சபையில் நடந்த குளறுபடி 21, 22 வசனங்களில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். "அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய், என்று பவுல் கண்டிப்பது அந்த நடத்தையை. ஆகவே உன் முதல் கேள்வி "எனக்குத் தகுதி இருக்கிறதா" என்பதாக இருக்க வேண்டாம். தகுதியோடு அந்தப் பந்திக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. "இந்தச் சபையில், என் வீட்டில், யாரை ஒரு ஆளாகவே மதிக்காமல் நடந்தேன்" என்று கேள். இன்னொன்று: 28-ம் வசனம் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று தொடங்கி "புசித்து, பானம்பண்ணக்கடவன்" என்று முடிகிறது. சோதித்துவிட்டு விலகி உட்கார் என்று அதில் இல்லை. தட்டைத் தள்ளிவிடுவது நம் ஊர்ச் சபைகளில் பக்தியாகப் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்தது நேரம். ஞாயிறு காலை இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை இரவு 20 நிமிஷம் ஒதுக்கு. ஏன் வெள்ளி என்றால், மத்தேயு 5:23, 24 காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது. சனிக்கிழமை இரவு ஆராய்ந்தால் யாரிடமும் போக நேரம் கிடையாது. வெள்ளி என்றால் சனி முழுக்கக் கையில் இருக்கும். தனி அறை இல்லாவிட்டால் மாடிப்படி போதும், மெழுகுவத்தி போதும். எல்லாரும் தூங்கிய பிறகு என்று மட்டும் வைத்துக்கொள்ளாதே. களைத்த உடம்பு எல்லாவற்றையும் கறுப்பாகக் காட்டும்.

20 நிமிஷத்தை இப்படிப் பிரி.

முதல் 3 நிமிஷம் சங்கீதம் 139. மொத்தம் 24 வசனம், மெல்லிய குரலில் வாய்விட்டு வாசி. தொடக்கத்தில் "நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்று முடிந்த காரியமாகச் சொல்கிற அதே ஆள், 23-ம் வசனத்தில் "என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறார். எல்லாம் தெரிந்தவர் முன்னால் உட்காருகிறாய். புதிதாக எதையும் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டிய பாரம் உன்மேல் இல்லை.

அடுத்த 2 நிமிஷம் நன்றி. வாரத்தில் கிடைத்த இரண்டு மூன்று நன்மைகளை, பெயர் சொல்லி. இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் பத்தாம் நிமிஷத்தில் அழுகையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த 10 நிமிஷம் வாரத்தைத் திரும்ப நடந்து பார். பாவப் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் போடாதே. இடங்களையும் ஆட்களையும் பிடித்துப் போ: வீடு, பஸ், வேலை, சபை, போன். ஒவ்வொன்றுக்கும் 2 நிமிஷம். போனைத் தனியாக வைக்கச் சொல்வது வேண்டுமென்றேதான். ஃபேஸ்புக்கில் எழுதியதையும் யாருக்கோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் யாரும் "பேச்சு" என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசி 5 நிமிஷம் எழுது. மூன்று வரிக்கு மேல் கூடாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு நாள், ஒரு ஆள், ஒரு வினை இருக்க வேண்டும். "பெருமை", "பொறாமை", "விசுவாசக் குறைவு" என்று எழுதினால் அடித்துவிடு. "புதன், மாமியாரிடம், மருந்து வாங்க மறந்ததை மறைத்து கடை மூடியிருந்தது என்றேன்" என்று எழுதினால் அது வரி. பெயர்ச்சொல்லாக எழுதினதுக்கு மனந்திரும்ப முடியாது, ஏனென்றால் நாளைக்கு எதை மாற்றுவது என்று அதில் இல்லை.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு படி உள்ளே இறங்கு: இதைச் செய்தபோது எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன், அல்லது எதை அடைய ஆசைப்பட்டேன்? மாற்கு 7:21 சொல்கிற மாதிரி செயல் இருதயத்திலிருந்துதான் புறப்படுகிறது. அதனால் இருதயத்தைப் பார்க்க வழியும் செயல் வழியேதான். உதாரணமாக, தராசில் எடை குறைத்தேன், பிள்ளைக்கு ட்யூஷன் பணம் கட்ட முடியாதோ என்ற பயம். அவ்வளவுதான், நிறுத்து. "அந்தப் பயத்துக்கும் அடியில் என்ன, அதற்கும் அடியில் என்ன" என்று தோண்டினால் எரேமியா 17:9-ல் போய் நிற்பாய்: "அதை அறியத்தக்கவன் யார்?" பதில் அடுத்த வசனத்தில் இருக்கிறது, கர்த்தர். அடித்தளம் அவருக்கு விட்ட பகுதி.

வெறிச்சென்று இருக்கிற மாதத்தில் இந்த நாலு கேள்வி உதவும். எந்தக் கோபத்தின்மேல் சூரியன் அஸ்தமித்தது (எபேசியர் 4:26)? யார் விழுந்தது கேட்டு உள்ளுக்குள் இனித்தது (நீதிமொழிகள் 24:17)? யாரும் பார்க்காவிட்டால் செய்திருக்கவே மாட்டேன் என்ற நல்ல காரியம் எது (மத்தேயு 6:1)? கை சும்மா இருக்கும்போது மனசு தானாக எங்கே ஓடுகிறது? நாலாவது கேள்விக்கு வசனம் தேடாதே, ஒரு வாரம் கவனித்தாலே பதில் வந்துவிடும்.

ஞாங்லேபின்_யாத்திரி:

டீக்கன் ஐயா மாதத்துக்கு ஒரு தடவைக்குச் சொல்கிறார். கத்தோலிக்கப் பழக்கத்தில் ஆன்ம சோதனை தினமும் உண்டு, அதனால் நேரம் குறைவு. 10 முதல் 15 நிமிஷம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படி: நன்றி சொல்வது, பாவத்தைக் காணவும் விலக்கவும் வரம் கேட்பது, எழுந்த நேரம் முதல் இந்த நேரம் வரை மணி மணியாக நினைவிலும் சொல்லிலும் செயலிலும் கணக்குக் கேட்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியும். வரிசையைப் பாருங்கள். கணக்குக் கேட்பது மூன்றாவதாகத்தான் வருகிறது.

அதிகம் பேருக்குத் தெரியாதது அவர் சொன்ன தனிச் சோதனை. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் அதற்கு எதிராகத் தீர்மானம், மத்தியானம் ஒரு கணக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு கணக்கு. நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மேல் கோடு காலையிலிருந்து மத்தியானம் வரை, கீழ்க் கோடு ராத்திரி வரை. விழுந்த உடனே யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கூட்டத்துக்கு நடுவிலும் செய்யலாம். ராத்திரி கீழ்க் கோட்டை மேல் கோட்டோடு ஒப்பிடு, இன்றைக்கு நேற்றோடு, இந்த வாரம் போன வாரத்தோடு. முதல் சில நாள் புள்ளி கூடும். பயப்பட வேண்டாம். பாவம் கூடவில்லை, கண் திறந்திருக்கிறது. இரண்டு மூன்று குறையைச் சேர்த்து எடுத்தால் இது கண்டிப்பாக நின்றுபோகும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போவதற்கு முந்தின சோதனை வேறு. ஞானோபதேசத்தில் படித்த ஐந்தும் அங்கே வேண்டும்: ஆன்ம சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம்), பாவசங்கீர்த்தனம், அபராதம் (குரு கொடுக்கும் பரிகாரம்). சாவான பாவத்தை, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவத்தை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சரியான எண் நினைவில்லை என்றால் "வாரத்துக்கு இரண்டு தடவை அளவில், ஆறு மாதமாக" என்று சொன்னால் போதும். சிறிய குறையான அற்ப பாவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சொல்வது நல்லது.

தாம்வே சகோதரி, ஒன்று உங்களுக்காகவே. இஞ்ஞாசியாரே 1522-ல் ஸ்பெயினின் மான்ரேசாவில் இருந்தபோது, ஏற்கெனவே சொல்லி முடித்த பாவங்களைத் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, எதைச் சொல்லாமல் விட்டோம் என்று தேடித் தேடி, சாகலாமா என்கிற அளவுக்கு வந்தார். வெளியே வந்த வழி எளிமையானது: கடந்த பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து அதைக் காத்தார். அளவுக்கு மிஞ்சிய மனச்சாட்சி உள்ளவர்களுக்கு, அது இழுக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போ என்பதுதான் பிறகு அவர் எழுதி வைத்த விதி. உங்களுக்கு நோட்டும் புள்ளியும் கூடாது. வெறும் நன்றியும் ஒரு வரியும் போதும்.

மோல்மீன்_கரை:

எல்லாரும் எப்படி ஆராய்வது என்று சொல்கிறீர்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு நம் பர்மாச் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார். ஆங்கிலேயர்-பர்மியர் போர்க்காலத்தில் தலைநகர் ஆவாவில் சிறை. வெளியே வந்த பிறகு 1826 அக்டோபரில் மனைவி ஆன் ஆம்ஹர்ஸ்டில் இறந்தார், ஆறே மாதத்தில் குழந்தை மரியாவும் போனது. பிறகு மோல்மீனில், ஊழியத்துக்கு வந்ததே தேவனுக்காகவா, பேர் வாங்கவா என்று தன்னை ஆராயத் தொடங்கினார். கௌரவ டாக்டர் பட்டத்தைத் துறந்தார். பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். காட்டோரம் குடிசை கட்டி, பக்கத்தில் குழி வெட்டி, தன் உடம்பு அதில் அழுகுவதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்த மூன்றாம் ஆண்டு நாளில், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் காணவில்லை என்ற பொருளில் எழுதினார்.

ஆராய்ச்சியில் அவர் சோம்பல் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு கடுமையாக யாரும் செய்யமாட்டார்கள். கோளாறு எங்கே என்றால், துக்கத்தைப் பாவமாக எண்ணிக்கொண்டார். இரண்டு சாவு தந்த இருட்டுக்குள் நின்று நோக்கத்தின் சுத்தத்தை அளந்தார். நோக்கத்துக்கு அளவுகோல் கிடையாது. 1830-ல் ஊழியப் பயணத்தில் புரோமுக்குப் போகிறார், பிறகு கரேன் இனத்தவரின் கிராமங்களுக்குப் போகிறார், 1834 ஜனவரி 31-ல் பர்மிய வேதாகமத்தின் கடைசித் தாளை முடிக்கிறார். அந்தக் குடிசையில் எந்தக் கேள்விக்கும் அவருக்கு விடை கிடைத்ததாக நான் படித்ததில்லை.

ஆகவே என் பங்குக்கு ஒரே விதி: வீட்டில் சாவு, பிரசவம், நீண்ட காய்ச்சல், வேலை போனது, இப்படி ஏதாவது நடந்து மூன்று மாதம் ஆகும் வரை பெரிய சோதனை எதுவும் வேண்டாம். சங்கீதம் வாசி, பந்தியை எடு, தூங்கு. மனச்சோர்வில் இருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று கத்தோலிக்கத் தரப்பிலும் ஒரு விதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஞாங்லேபின்_யாத்திரி:

ஆமாம், அதுவும் இஞ்ஞாசியார்தான். ஜெபத்தில் வரும் வறட்சிக்கு மூன்று காரணம் சொல்வார்: நம் அசட்டை, தேவன் நம்மைச் சோதிப்பது, ஆறுதல் நம் சொந்தச் சம்பாத்தியம் இல்லை என்று காட்டுவது. மூன்றில் ஒன்றுதான் நம் தவறு. வறண்டாலே "என்ன பாவம் செய்தேன்" என்று தேடுகிறவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

தாம்வே_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வரி விதி பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, உணர்த்துதலா குற்றஞ்சாட்டுதலா என்ற என் கேள்விக்கு நேர் பதில் வரவில்லை. இரண்டு, பக்கத்து வீட்டு அக்கா பௌத்தத் தியான மையத்துக்குப் போகிறார். வயிறு எழும்புவது, தாழ்வது, கோபம் வந்தால் "கோபம், கோபம்" என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுவது என்று சொல்லித் தருகிறார்களாம். அது எனக்கு ரொம்ப எளிதாகப் படுகிறது. அதையே செய்து கடைசியில் ஆமென் போட்டால் என்ன?

இன்செயின்_டீச்சர்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது சுலபம். பர்மியப் பௌத்தத் துறவி மகாசி சயாடோ வழியில் சொல்லித் தருவது அது. கவனிக்கும் திறமை இரண்டுக்கும் பொது. கோபம் வந்ததையே மூன்று நாள் கழித்து உணருகிற ஆளுக்கு, வந்த கணத்தில் உணரப் பழகுவது நல்லதுதான், அந்த அக்காவிடம் கற்றுக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே கோபத்தைக் கோபம் என்று கண்டதும் அது எழுந்து மறைவதைப் பார்ப்பது பயிற்சி. இங்கே அந்தக் கோபம் ஒருவர்மேல் வந்தது, இன்னொருவர் முன்னால் அதற்குக் கணக்குச் சொல்கிறோம். நீ எழுதிய வரியில் "உம்" "நீர்" என்று தேவனை விளித்து ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அது உன் நாட்குறிப்பு. தாவீது பத்சேபாள் காரியத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று ஆளைப் பார்த்துப் பேசுகிறான், சங்கீதம் 51:4.

இப்போது முதல் சந்தேகம். மூன்று இடத்தில் வித்தியாசம் தெரியும்.

உணர்த்துதல் குறிப்பாக இருக்கும். இந்தக் காரியம், இந்த ஆள். குற்றஞ்சாட்டுதல் மொத்தமாக இருக்கும்: "நீ எப்பவுமே இப்படித்தான்", "நீயெல்லாம் விசுவாசியா". எப்பவும், எல்லாம், ஒருபோதும் என்ற சொற்கள் வந்தால் சந்தேகப்படு.

அடுத்தது, செய்ய ஒரு வேலை கொடுக்கிறதா? 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கம் என்றும் லௌகிக துக்கம் என்றும் பிரிக்கிறது. 11-ம் வசனத்தில் முந்தினதன் பலனை அடுக்குகிறது: ஜாக்கிரதை, குற்றந்தீர உத்தரவு சொல்லுதல், வெறுப்பு, பயம், ஆவல், பக்திவைராக்கியம், கண்டித்தல். ஏழும் எழுந்து நடக்க வைக்கிறவை. அழுகை அந்தப் பட்டியலில் இல்லை. யூதாசும் மனஸ்தாபப்பட்டான், வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான், ஆனால் கர்த்தரிடம் திரும்பிப் போகவில்லை. பேதுரு மனங்கசந்து அழுதான், பிறகு கரையில் கர்த்தர் என்று கேட்டதும் கடலில் குதித்து அவரிடம் போனான். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார். பந்தியை விட்டு, ஜெபத்தை விட்டு, சபை ஆட்களை விட்டு விலக்குகிறதென்றால் அது ஆவியானவர் வேலை இல்லை.

மூன்றாவது, அறிக்கையிட்ட பிறகு அடங்குகிறதா? 1 யோவான் 3:20 இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறது. இருதயம் தவறான தீர்ப்பும் சொல்லும் என்பது அந்த வசனத்துக்குள் இருக்கிறது. பவுலும் 1 கொரிந்தியர் 4:3, 4-ல், என்னைக்குறித்து நானே தீர்ப்புச் சொல்லுகிறதில்லை, என்னிடத்தில் ஒரு குற்றத்தையும் அறியேன், ஆனாலும் அதனால் நீதிமானாகிறதில்லை என்கிறார். குற்றமற்றதாகத் தோன்றுவதும் தீர்ப்பு இல்லை, குற்றமுள்ளதாகத் தோன்றுவதும் தீர்ப்பு இல்லை.

நடைமுறையில் இப்படிச் செய்: வரியை வாசித்து மன்னிப்புக் கேட்டதும் 1 யோவான் 1:9-ஐ அதன் கீழே எழுதி, தேதி போட்டு, கிழித்துவிடு. அதே காரியம் மறுபடி உறுத்தினால், திரும்ப அறிக்கை செய்யாமல் "அந்தத் தேதியில் கேட்டாயிற்று" என்று மட்டும் சொல். புதிதாகச் செய்திருந்தால் மட்டும் புது வரி. ஒரு நாளைக்கு பத்து இருபது தடவை அறிக்கை செய்தும் அடங்காமல், ஜெபத்தைச் சரியாகச் சொன்னேனா என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிற அளவுக்குப் போனால், அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம். மருந்தும் சிகிச்சையும் உண்டு. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. பாஸ்டரிடம் "எனக்கு மன்னிப்பு கிடைத்ததா" என்று வாராவாரம் கேட்டு உறுதி வாங்குவது மட்டும் வேண்டாம், அந்த நோய்க்கு அதுதான் தீனி.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. எந்த மொழியில் சண்டை போட்டாயோ அந்த மொழியில் வரியை எழுது. பர்மியத்தில் வேலைக்காரப் பெண்ணைத் திட்டிவிட்டு, வேதாகமத் தமிழில் "கடினமாய்ப் பேசினேன்" என்று எழுதினால் பாதி மறைந்துவிடும். அதே மாதிரி, ஆனாடே பட்டு, அதாவது எதிராளி மனசு நோகுமே என்று சங்கோசப்பட்டு, முடியாது என்று சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு செய்யாமல் விட்டதையும் பொய்க் கணக்கில் எழுது. இங்கே வளர்ந்தவர்களுக்கு அது பொய்யாகவே தோன்றாது.

மளிகைக்கடை_தட்டோன்:

டீச்சர் சொன்ன "செய்ய ஒரு வேலை" பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். பணக் காரியத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும்? ஆள் கிடைக்காவிட்டால்? 1964-ல் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது இந்தியாவுக்குக் கப்பலேறினவர்கள், "பத்திரமாக வைத்திரு" என்று நகையும் பணமும் கொடுத்துவிட்டுப் போன கதை பல ஊரில் உண்டு. வாங்கி வைத்தவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது வைத்திருக்கிற பேரன் தன்னைச் சோதித்துப் பார்த்தால் அவனுக்கு என்ன வரும்?

பழைய_டீக்கன்:

நல்ல கேள்வி. இருதயத்தை ஆராய்கிறவர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

சாதாரணக் கணக்கு லேவியராகமம் 6:2-5, எண்ணாகமம் 5:6-8. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 50,000 கியாட் என்றால் 60,000. சகேயு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, கொடுப்பதாகச் சொன்னது அவன் தானாகச் சொன்னது, எல்லார்மேலும் சுமத்துகிற சட்டம் இல்லை. லேவியராகமத்தில் இன்னொன்று: திருப்பிக் கொடுப்பதும் குற்றநிவாரண பலியும் ஒரே நாளில் வருகின்றன. ஆள் முன்னால் நேராக்காமல் தேவனிடம் மட்டும் பேசி முடித்துவிட முடியாது.

யாரிடம் சொல்வது என்பதற்கு, பாவம் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் அறிக்கை. சபை நடுவே அவமானப்படுத்தினால் சபை நடுவே. மனசுக்குள் மட்டும் பொறாமைப்பட்டிருந்தால் தேவனிடம் மட்டும். "அக்கா, உங்கமேல் ரெண்டு வருஷமா பொறாமை, மன்னிச்சிருங்க" என்று போய்ச் சொல்வது உன் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பது. மன்னிப்புக் கேட்கும்போது "நீங்களும் அப்படிப் பேசினதால்தான்" என்ற துண்டு வாயில் வந்தால், இன்னும் ஒரு நாள் பொறுத்துப் போ.

1964 காரியத்துக்கு வருவோம். எசேக்கியேல் 18:20-ன்படி தகப்பனுடைய அக்கிரமம் மகன்மேல் வராது. தாத்தா திருப்பிக் கொடுக்காதது பேரன் பாவம் இல்லை. ஆனால் அது யாருடையது என்று தெரிந்த நாளிலிருந்து வைத்திருப்பது அவனுடைய செயல், அது அவன் மூன்று வரியில் வர வேண்டியது. அதனால் முதல் மட்டும் கடன், ஐந்தில் ஒரு பங்கு அவன்மேல் விழாது என்பது என் அபிப்பிராயம். தெரிந்தே பல வருஷம் மறைத்திருந்தால் அதையும் சேர்க்கட்டும்.

ஆள் இறந்துவிட்டால் எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது. உறவின்முறையானுக்கு, அதுவும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனுக்கு. வாரிசைத் தேடாமலே நேராகக் காணிக்கைப் பெட்டியில் போடுவது குறுக்கு வழி. பர்மாவிலிருந்து போன குடும்பங்கள் சென்னையிலும் திருச்சி, மதுரைப் பக்கத்திலும் கூட்டமாகக் குடியேறின. எல்லைக்கு அந்தப் பக்கம் மணிப்பூர் மோரேயிலும் தமிழர் இருக்கிறார்கள். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், கடை இருந்த தெரு இவ்வளவும் தெரிந்தால் விசாரிக்கலாம். ஒரு வருஷம் கெடு வைத்துத் தேடட்டும். கிடைக்காவிட்டால் சபையில் இரண்டு பேர் சாட்சியோடு ஒப்படைத்து, எழுதி வைக்கட்டும். பின்னால் வாரிசு வந்தால் காட்ட வேண்டும்.

எவ்வளவு என்பதில்தான் ஆட்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். "அப்போது கொடுத்தது ஆயிரம் கியாட், இந்தா ஆயிரம்" என்றால் இன்றைக்கு அதற்கு ஒரு டீகூட வராது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளே செல்லாமல் போயின. 1987-லும் அதே மாதிரி பெரிய நோட்டுகள் போயின. ஆகவே நோட்டை அளவாக எடுக்காதே. நகை என்றால் எடைக்கு எடை: ஒரு டிக்கல், அதாவது சுமார் 16 கிராம் தங்கம் வாங்கியிருந்தால் ஒரு டிக்கல். பணம் என்றால், அன்றைக்கு அந்தப் பணத்துக்கு எவ்வளவு தங்கம் வந்திருக்கும் என்று வயதானவர்களிடமோ தங்கக் கடையிலோ விசாரித்து, அந்த எடையை இன்றைய விலைக்குப் போடு. ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணை வைக்கலாம். முதல் தவணை கொடுத்த மாதமே பந்தி எடுக்கலாம், முழுவதும் தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.